ஆறு வாரத் தாமதம்

முன்கையின் உட்புறத்தில், தோலுக்கு அடியில் போகாமல் தோலுக்குள்ளேயே நிற்கும்படி, 0.1 மில்லி மருந்தை மெல்லிய ஊசியால் ஏற்றுகிறார் செவிலியர். 6 முதல் 10 மில்லிமீட்டர் அகலத்தில் வெளிறிய ஒரு கொப்புளம் எழும்பி, சற்று நேரத்தில் அமுங்கிவிடும். "சொறிஞ்சிடாதீங்க, நாளை மறுநாள் வந்து கையைக் காட்டுங்க" என்று சொல்லி அனுப்புவார். 48 மணி நேரத்துக்கும் 72 மணி நேரத்துக்கும் இடையில் வந்து காட்டும்போது, அந்த இடம் சிவந்திருப்பதை அவர் பொருட்படுத்துவதில்லை. விரல்நுனியால் தடவி, தோல் தடித்திருக்கிறதா, தடிப்பு எந்த ஓரத்தில் முடிகிறது என்று பார்த்து, பேனாவால் குறியிட்டு, அளவுகோல் வைத்து அளக்கிறார். 10 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால், அந்த உடல் காசநோய்க் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கிறது என்று கணக்கு.

மான்டூ பரிசோதனை என்று இதற்குப் பெயர். இதன் கதை ஒரு தோல்வியில் தொடங்குகிறது. 1882 மார்ச் 24 அன்று பெர்லினில், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்துவிட்டதாக ராபர்ட் கோக் அறிவித்தார். எட்டு ஆண்டுகள் கழித்து, அந்தக் கிருமியிலிருந்து எடுத்த சாறான டியூபர்குலின் நோயைக் குணப்படுத்தும் என்றார். குணப்படுத்தவில்லை. ஆனால் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே 1907-இல் அதே சாற்றைத் தோலில் கீறி வைத்து, யாருக்கு உள்ளே தொற்று இருக்கிறது என்று கண்டறியலாம் எனக் காட்டினார். மறு ஆண்டு பிரான்சின் சார்ல்ஸ் மான்டூ அதை ஊசி வழிக்கு மாற்றினார்.

ஊசியில் உயிருள்ள கிருமி எதுவும் கிடையாது, அதன் புரதங்கள் மட்டுமே. கிருமியை முன்பு சந்தித்து அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருந்தால், அந்தப் புரதம் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கின்றன. வந்தவை மற்றச் செல்களையும் அழைக்கின்றன. இதற்கு இரண்டு, மூன்று நாள் பிடிக்கிறது. விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பு, அப்படிக் கூடிய செல்களின் திரள்தான்.

இதில் மருத்துவர்களை நெடுங்காலம் குழப்பிய ஒரு புதிர் உண்டு. காசநோய் முற்றி, உடம்பெங்கும் கிருமி பரவி, எலும்பும் தோலுமாகப் படுத்திருக்கும் நோயாளிகளில் சிலருக்குக் கை தடிப்பதே இல்லை. யாருக்குப் பெரிதாகத் தடித்திருக்க வேண்டுமோ அவருக்கு ஒன்றும் காணோம். தட்டம்மை கண்ட குழந்தைகளுக்கு, முன்பு இருந்த டியூபர்குலின் தடிப்பு அந்த நாட்களில் மறைந்துபோவதை ஃபான் பிர்க்கே 1908-இலேயே எழுதியிருக்கிறார். அங்கே அடக்கியது வேறொரு கிருமி. இங்கோ, காசநோய்க் கிருமியே தன்னை அடையாளம் காணும் செல்களின் குரலை அடக்கிவிடுகிறது. கம்போடியாவில் இப்படிக் கை தடிக்காத காசநோயாளிகளின் ரத்தத்தை ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார்கள். அவர்களது டி செல்கள் செத்துப்போயிருக்கவில்லை. கிருமியைக் காட்டினால் விழித்தன. ஆனால் சண்டைக்கு அழைக்கும் வேதிப்பொருளுக்குப் பதிலாக, அமைதிப்படுத்தும் ஐஎல்-10 என்ற பொருளைச் சுரந்தன.

காசநோயைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல நுழைவாயில் எனக்குத் தெரியவில்லை. எய்ட்ஸ் வைரஸ் சிடி4 டி செல்களைக் கொன்று குவிக்கிறது. காசநோய்க் கிருமி அப்படிச் செய்வதில்லை. அது செல்களைக் காக்க வைக்கிறது, களைக்க வைக்கிறது, சில கட்டங்களில் தனக்காகவே உழைக்க வைக்கிறது. 2023-இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேர் காசநோயால் பாதிக்கப்பட்டார்கள், 12 லட்சத்து 50 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோயாளிகளில் நூற்றுக்கு 26 பேர் இந்தியர்கள். இத்தனைக்கும், கிருமி தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. வாழ்நாள் முழுக்கக் கணக்கிட்டாலும் நூற்றில் 5 முதல் 10 பேருக்குத்தான் வருகிறது. ஆகவே நம் செல்கள் திறமையற்றவை என்று சொல்லிவிட முடியாது. அந்தத் திறமை எந்த இடத்தில், எப்படி மழுங்குகிறது என்பதுதான் கேள்வி.

காசநோயாளி ஒருவர் இருமும்போது தெறிக்கும் துளிகளில் பெரியவை தரையில் விழுந்துவிடும். சில மைக்ரான் அளவே உள்ள நுண்துளிகள் காற்றில் மிதக்கும். அவற்றை அடுத்தவர் மூச்சில் இழுக்கும்போது நுரையீரலின் கடைக்கோடியில் உள்ள காற்றுப்பைகள் வரை போய்ச் சேரும். அங்கே காவல் இருப்பது மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல். தூசி, பூஞ்சை, பாக்டீரியா என்று எது வந்தாலும் விழுங்கி, ஒரு சிறு பைக்குள் அடைத்து, அந்தப் பையோடு லைசோசோம் என்ற அமிலப் பையை இணைத்து, உள்ளே இருப்பதைக் கரைத்துவிடும். காசநோய்க் கிருமியையும் இது தயங்காமல் விழுங்குகிறது. விழுங்கிய பிறகு நடப்பதுதான் வேறு.

லண்டனில் தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆர்ம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்ற இருவர் 1971-இல் அதைக் கண்ணால் காட்டினார்கள். எலியின் மேக்ரோஃபேஜ்களை வளர்த்து, அவற்றின் லைசோசோம்களில் ஃபெரிட்டின் என்ற இரும்புப் புரதத்தை முன்கூட்டியே நிரப்பி வைத்தார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் ஃபெரிட்டின் கரும்புள்ளிகளாகத் தெரியும். செத்த கிருமிகளை விழுங்கக் கொடுத்தபோது, அவை அடைபட்ட பைகளில் கரும்புள்ளிகள் வந்து கொட்டின. உயிருள்ள கிருமிகள் அடைபட்ட பைகளில் பெரும்பாலானவை சுத்தமாக இருந்தன. லைசோசோம்கள் அருகிலேயே இருந்தும் இணையவில்லை. (டார்சி ஹார்ட் 1900-இல் பிறந்தவர். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை 1940-களில் சோதித்தவர்களில் முக்கியமானவர். அதற்கெல்லாம் பிறகு, எழுபது வயதில் செய்த ஆய்வு இது. 106 வயது வரை வாழ்ந்தார்.)

எப்படித் தடுக்கிறது என்பதன் விவரங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. கிருமியின் மேலுறையில் உள்ள ஒரு கொழுப்புச் சர்க்கரையும், அது வெளியே விடும் சில நொதிகளும், பை முதிர்வதற்கு வேண்டிய சமிக்ஞைகளை அறுக்கின்றன. அமிலத்தை உள்ளே இறைக்கும் புரதப் பம்புகள் பையின் சுவரில் சரியாகப் பொருந்துவதில்லை. அமிலம் கூடக் கூடக் குறையும் பிஎச் எண், வழக்கமாக 5-க்கும் கீழே இறங்க வேண்டியது, 6-க்கு மேலேயே நின்றுவிடுகிறது. கிருமிக்கு அது தங்கும் அறை. அங்கே அது மெதுவாகப் பெருகுகிறது. சில கட்டங்களில் பையைக் கிழித்துக்கொண்டு செல்லின் நடுப்பகுதிக்கே வந்துவிடுவதும் உண்டு. அதற்கு உதவும் ஈசாட்-6 என்ற புரதம் பின்னால் மீண்டும் வரும்.

எந்த விழுங்கு செல்லுக்குள் நுழைவது என்பதையும் கிருமியே ஓரளவு தீர்மானிக்கிறது என்பதுதான் எனக்கு மிகவும் வியப்பளித்த கண்டுபிடிப்பு. இந்தியாவில் பிறந்து, அமெரிக்காவிலும் பின்னர் கேம்பிரிட்ஜிலும் பணியாற்றும் லலிதா ராமகிருஷ்ணன், வரிக்குதிரை மீன் எனப்படும் சிறு மீனின் குஞ்சுகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார். அந்தக் குஞ்சுகளின் உடல் கண்ணாடியாகத் தெளிந்திருக்கும். உள்ளே செல்கள் ஊர்வதை உயிரோடு பார்க்கலாம். காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு மீன் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். அதன் மேலே படர்ந்திருக்கும் பிடிஐஎம் என்ற மெழுகு, அபாய அறிகுறியாகச் செல்கள் அடையாளம் காணும் பகுதிகளை மூடி மறைக்கிறது. அதனால் கொல்லும் திறன் தயாராக உள்ள மேக்ரோஃபேஜ்கள் வரவில்லை. அதே நேரத்தில் கிருமியின் மற்றொரு கொழுப்பு, கொல்லத் தயாராக இல்லாத செல்களை வரவழைத்தது. மெழுகை நீக்கிய கிருமி சீக்கிரமே ஒழிக்கப்பட்டது. இந்த முடிவு 2014-இல் வெளியானது.

அடுத்து நடக்க வேண்டியது செய்தி போய்ச் சேர்வது. மேக்ரோஃபேஜ் தனியாக இந்தக் கிருமியை அடக்க முடியாது. டி செல் வந்து இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரந்தால்தான் அதன் கொல்லும் திறன் முழுதாக விழிக்கும். டி செல்களோ நுரையீரலில் காத்திருப்பதில்லை. நிணநீர்க் கணுக்களில், அதாவது வீங்கினால் நாம் நெறிக்கட்டி என்று சொல்லும் இடங்களில் இருக்கின்றன. நுரையீரலிலிருந்து ஒரு டென்ட்ரிட்டிக் செல் கிருமியின் துண்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், அதை அடையாளம் காணும் டி செல்லைத் தேடிப்பிடித்துக் காட்ட வேண்டும். பிறகு அந்த டி செல் பெருகி, ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்கு வர வேண்டும்.

எலிக்கு இன்ஃபுளுவென்சா தொற்றினால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் நிணநீர்க் கணுவில் டி செல்கள் விழித்துவிடுகின்றன. காசநோய்க் கிருமி தொற்றினால் ஒரு வாரத்துக்கு மேல் அங்கே சலனமே இருப்பதில்லை. ஏறத்தாழ பத்தாம் நாள்தான் டி செல்கள் விழிக்கின்றன. நுரையீரலுக்கு அவை வந்து சேரும்போது இரண்டு வாரம் கடந்துவிடுகிறது. மனிதருக்கு இந்தத் தாமதம் இன்னும் நீளம். வட அட்லாண்டிக்கில் உள்ள ஃபேரோ தீவுகளில், வந்து போகிறவர் குறைவு என்பதால், யார் எந்த நாளில் நோயாளியைச் சந்தித்தார் என்று தேதியோடு சொல்ல முடிந்தது. அங்கே பணியாற்றிய மருத்துவர் பவுல்சன், தொற்றிய நாளிலிருந்து கை தடிக்கத் தொடங்கும் நாள் வரை எவ்வளவு காலம் என்று கணக்கெடுத்தார். பெரும்பாலும் ஐந்து, ஆறு வாரம்.

காசநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. குடலில் வாழும் ஈ.கோலை சாதகமான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அப்படியிருந்தும், ஒன்று 20 நாளில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். எல்லாம் பிழைக்காது என்று வைத்துக்கொண்டாலும், டி செல் வந்து பார்க்கும்போது அங்கே இருப்பது ஒரே ஒரு கிருமி அல்ல.

தாமதத்துக்குப் பல காரணங்கள். தொற்றிய மேக்ரோஃபேஜ், தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொண்டு சாகும் வழியைக் கிருமி தடுக்கிறது. அப்படிச் செத்திருந்தால் அதன் துண்டுகளை டென்ட்ரிட்டிக் செல்கள் பொறுக்கிச் சென்று செய்தி சொல்லியிருக்கும். தொற்றிய டென்ட்ரிட்டிக் செல்களும் கிருமியின் புரதங்களைத் தம் மேற்பரப்பில் வைத்துக் காட்டாமல் வெளியே கொட்டிவிடுகின்றன என்று ஜோயல் எர்ன்ஸ்டின் ஆய்வகம் காட்டியிருக்கிறது. டி செல் வந்து தேடும்போது அடையாளம் இல்லை. போதாததற்கு, உடலின் சொந்தத் திசுக்களை டி செல்கள் தாக்கிவிடாமல் அடக்கி வைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் என்றொரு வகை உண்டு. காசநோய்க் கிருமியை அடையாளம் காணும் அத்தகைய செல்கள் எலியின் நிணநீர்க் கணுவில் முதலில் பெருகி, தாக்கும் டி செல்களின் வருகையை மேலும் பின்தள்ளுகின்றன.

டி செல்கள் வந்து சேர்ந்த பிறகு நுரையீரலில் உருவாகும் கட்டிக்குக் கிரானுலோமா என்று பெயர். ஒரு கிரானுலோமாவை மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், நடுவில் செல் எதுவும் இல்லாத ஒரு பரப்பு இளஞ்சிவப்பாகத் தெரியும். செத்த மேக்ரோஃபேஜ்களின் கொழுப்பும் புரதமும் கலந்த எச்சம் அது. வெறும் கண்ணுக்குத் திரிந்த பாலின் திப்பியாக வெள்ளையாக இருக்கும். அதைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் உடல் முழுக்கக் கொழுப்புத் துளிகள். சில ஒன்றோடொன்று இணைந்து பல கருக்கள் கொண்ட ராட்சதச் செல்லாகியிருக்கும். டி செல்கள் எங்கே? வெளி விளிம்பில். கிருமி குடியிருப்பது நடுவில், அதைக் கொல்ல உத்தரவு தர வேண்டிய செல்கள் ஓரத்தில். இடையில் சில செல் அடுக்குகளே. அந்தச் சிறு தூரத்தைப் பெரும்பாலான டி செல்கள் கடப்பதில்லை.

கடந்தாலும் என்ன செய்கின்றன? பிட்ஸ்பர்க்கில் ஜோஆன் ஃபிளின்னின் குழு, மனிதருக்கு வருவதுபோன்றே காசநோய் வரும் மக்காக் குரங்குகளின் கிரானுலோமாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்தது. உள்ளே இருந்த டி செல்களில் சண்டைக்கான வேதிப்பொருளைச் சுரந்தவை பத்தில் ஒன்றுகூட இல்லை. ஒரே குரங்கின் நுரையீரலில் ஒரு கிரானுலோமா கிருமியை முழுக்க ஒழித்திருந்தது. பக்கத்திலேயே இன்னொன்றில் கிருமி கொழித்தது. ஒரு நபரின் எதிர்ப்புச் சக்தி என்று நாம் பொதுவாகப் பேசுவது, உண்மையில் இப்படிச் சில மில்லிமீட்டர் அளவுள்ள பல தனித்தனிப் போராட்டங்களின் கூட்டல்.

மாதக்கணக்கில் ஒரே புரதத்தைச் சந்தித்துக்கொண்டே இருக்கும் டி செல் களைத்துப்போகும். முதலில் பெருகும் திறன் குறைகிறது, பிறகு சுரக்கும் திறன். அதன் மேற்பரப்பில் பிடி-1 முதலான தடுப்புப் புரதங்கள் ஏறுகின்றன. ஈசாட்-6 புரதத்தை அடையாளம் காணும் டி செல்களுக்கு நேர்வது இதுதான், ஏனென்றால் நோய் நெடுகக் கிருமி அந்தப் புரதத்தை ஓயாமல் தயாரிக்கிறது. இன்னொரு புரதமான ஆன்டிஜன் 85பி விஷயத்தில் எதிர்மாறான ஏற்பாடு. தொற்றின் தொடக்கத்தில் அதைத் தாராளமாகத் தயாரித்துவிட்டு, டி செல்கள் அதைத் தேடி வரும் வேளையில் கிருமி உற்பத்தியை வெகுவாகக் குறைத்துவிடுகிறது. அந்த டி செல்கள் களைப்பதில்லை. இலக்கு கிடைக்காமல் சும்மா இருக்கின்றன. தடுப்பூசி செய்கிறவர்களுக்கு இது பெரிய தலைவலி. எந்தப் புரதத்தைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு வம்பு காத்திருக்கிறது.

பிடி-1 களைப்பின் அடையாளம் என்றால், அதை நீக்கிவிட்டால் டி செல்கள் மீண்டும் எழுந்து கிருமியைக் கொல்லும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. புற்றுநோய் மருத்துவத்தில் அப்படித்தான் நடந்தது. காசநோயில் நடந்தது வேறு. பிடி-1 இல்லாத எலிகளுக்குக் காசநோய்க் கிருமியைக் கொடுத்தபோது, சாதாரண எலிகளைவிட அவை வெகு சீக்கிரம் செத்தன. கட்டவிழ்ந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமாவை அளவுக்கு மீறிச் சுரந்து, நுரையீரலையே அழித்தன. புற்றுநோய்க்காக பிடி-1 தடுப்பு மருந்து எடுத்துக்கொண்ட சிலருக்குக் காசநோய் கிளம்பியதும் பின்னர் பதிவாகியிருக்கிறது. மறுபக்கம், முடக்குவாதத்துக்கும் குடல் அழற்சிக்கும் கொடுக்கப்படும் இன்ஃப்ளிக்சிமாப் என்ற மருந்து டிஎன்எஃப் என்னும் அழற்சிப் பொருளைத் தடுக்கிறது. அதைப் பெற்றவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததாக 2001-இல் அமெரிக்காவிலிருந்து அறிக்கை வெளியானது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் கஷாயம், மாத்திரை என்று விற்கப்படும் பொருள்களை நம்பிக் காசு செலவழிக்கும் ஏழை நோயாளிகளை நினைத்தால் மனம் கலங்குகிறது. இந்த நோயில் எதிர்ப்பை வெறுமனே கூட்டுவது மருத்துவமே ஆகாது.

கிருமி நம் எதிர்ப்பை அடக்க மட்டும்தான் பார்க்கிறதா? 2010-இல் இனியாகி கோமாஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த 21 காசநோய்க் கிருமி வகைகளின் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டார்கள். நம் எதிர்ப்பிலிருந்து தப்பிக்கும் கிருமிகள் பொதுவாக, டி செல்கள் அடையாளம் காணும் பகுதிகளை அடிக்கடி மாற்றிக்கொள்ளும். எச்ஐவி அப்படித்தான் தப்பிக்கிறது. காசநோய்க் கிருமியில் மாறாமல் மிக உறுதியாகக் காக்கப்பட்டிருந்தவை அதே பகுதிகள்தாம். தன்னை டி செல்கள் அடையாளம் காண்பதில் கிருமிக்கு ஆதாயம் இருக்கிறது என்பதே இதற்குப் பொருத்தமான விளக்கம்.

ஆதாயம் என்னவென்று நோயாளியின் எக்ஸ்ரேயில் தெரியும். மேல் நுரையீரலில் ஒரு குழி. அழற்சியின்போது நம் செல்களே சுரக்கும் நொதிகள் நுரையீரலின் கொலாஜன் சட்டகத்தை அரித்து, கிரானுலோமாவின் நடுப்பகுதியை மூச்சுக்குழாய்க்குத் திறந்துவிடுகின்றன. குழிக்குள் காற்றோட்டம் கிடைத்ததும் கிருமி எக்கச்சக்கமாகப் பெருகி, இருமலில் வெளியேறி, அடுத்த மனிதரைத் தேடுகிறது. சிடி4 செல்கள் மிகவும் குறைந்துபோன எச்ஐவி நோயாளிகளுக்குக் காசநோய் கொடிதாக இருந்தும், நுரையீரலில் இப்படிக் குழி விழுவது குறைவு. டி செல் இல்லாமல் குழி இல்லை, குழி இல்லாமல் பரவல் சிரமம். நம்மைக் காக்க வந்த செல்லைக் கொண்டே கிருமி தன் வழியைத் திறந்துகொள்கிறது.

நுரையீரலுக்கு வெளியேயும் பாதிப்பு உண்டு. லண்டனிலும் தென்னாப்பிரிக்காவிலும் காசநோயாளிகளின் ரத்தத்தை எடுத்து, எந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஆனி ஓகாராவின் குழு 2010-இல் பார்த்தபோது, வைரஸ் தாக்கும்போது எழும் வகை ஒன்று இன்டர்ஃபெரான் மேலோங்கியிருந்தது. பாக்டீரியாவை எதிர்க்க வேண்டிய வேளையில் உடல் வைரஸுக்கான மணியை அடித்துக்கொண்டிருந்தது. மனிதரில் பார்த்த இந்தச் சமிக்ஞை என்ன செய்யும் என்பதற்கு எலிகளில் ஒரு விடை கிடைத்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட முடிவு எலும்பு மஜ்ஜையைப் பற்றியது. மேக்ரோஃபேஜ்களுக்கு மூலமான குருத்தணுக்களையே காசநோய்க் கிருமி இந்த இன்டர்ஃபெரான் வழியாக மாற்றிவிடுகிறது. அவற்றிலிருந்து பிறக்கும் மேக்ரோஃபேஜ்கள் குறைவு. பிறந்தவையும் கிருமியைக் கொல்வதில் மந்தம். இந்தத் தழும்பு மாதக்கணக்கில் நீடித்தது. அதே குருத்தணுக்களுக்கு பிசிஜி தடுப்பூசியின் கிருமியைக் காட்டியபோது நேர்மாறாக, கூடுதல் திறனுள்ள மேக்ரோஃபேஜ்கள் பிறந்தன.

பிசிஜி காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவுதான். கால்மெட், கெரான் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் 1921 வரை, 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தை இழக்கச் செய்தார்கள். அதன் மரபணுத் தொகுதியிலிருந்து விழுந்துபோன ஒரு துண்டில்தான் ஈசாட்-6 இருந்தது என்று பிற்பாடு தெரிந்தது. குழந்தைகளுக்கு மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயும், உடலெங்கும் பரவும் வகையும் வராமல் பிசிஜி காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்குமா என்று அறிய, செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரை உட்படுத்தி ஓர் ஆய்வு தொடங்கியது. தடுக்கவில்லை என்று 1979-இல் முதல் முடிவு வந்தது. 15 ஆண்டு கழித்துப் பார்த்தும் அதே விடைதான். எத்தனையோ சிற்றூர் மக்கள் கை நீட்டிப் பங்கெடுத்து உலகுக்குத் தந்த அந்தக் கசப்பான உண்மைக்கு நாம் நன்றிக்கடன் பட்டிருக்கிறோம்.

இத்தனை நேரம் கிருமியின் பக்கம் நின்று பார்த்தோம். தொற்றிய நூறு பேரில் நோய் வரும் அந்த ஐந்து முதல் பத்துப் பேர் யார் என்று கேட்டால், விடையின் பெரும்பகுதி உடலின் பக்கம் இருக்கிறது. எச்ஐவி இருந்தால், மருந்தில்லாத நிலையில், வாழ்நாள் முழுவதற்குமான அபாயம் ஒரே ஆண்டுக்குள் வந்துவிடுகிறது. சர்க்கரை நோய் அபாயத்தை ஏறக்குறைய மூன்று மடங்காக்குகிறது. தமிழ்நாட்டில் காசநோயாளிகளைச் சோதித்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. சர்க்கரை நோய் கொண்ட எலிகளில் பார்த்தால், நிணநீர்க் கணுவுக்குச் செய்தி போவது மேலும் தாமதமாகிறது. ஏற்கெனவே பிந்தி வரும் டி செல் இன்னும் பிந்துகிறது.

எல்லாவற்றையும்விடப் பரவலான காரணம் பசி. டி செல் விழித்துப் பெருகுவதற்கு ஏராளமான குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் தேவை. கொழுப்பிருப்பு வற்றினால் லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. அது குறைந்தால் டி செல்களின் விழிப்பும் குறைகிறது. டி செல்கள் பயிற்சி பெறும் தைமஸ் சுரப்பி பட்டினியில் சுருங்குகிறது. நோய் வந்தபின் பசி மந்தித்து, தசை கரைந்து, நிலைமை மேலும் சரிகிறது. எலும்புருக்கி என்று நம் முன்னோர் சொன்னது இந்தச் சரிவைக் கண்ணால் பார்த்துத்தான்.

உணவைப் பற்றிய பேச்சு பின்னுக்குப் போனதற்கு ஒரு சென்னைக் காரணம் உண்டு. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது, வாலஸ் ஃபாக்ஸின் வழிகாட்டுதலில் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில் நல்ல உணவோடும் ஓய்வோடும், மறு பிரிவினர் நெருக்கடியான வீடுகளில் எளிய சாப்பாட்டோடும் ஒரே மருந்துகளை எடுத்துக்கொண்டார்கள். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். 1959-இல் வெளியான அந்த முடிவு, தாம்பரத்திலும் மற்ற இடங்களிலும் படுக்கைக்காகக் காத்திருந்த ஏழைகளுக்கு விடுதலை. வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகுக்குச் சொன்ன மகத்தான ஆய்வு அது. ஆனால் மருந்து ஒழுங்காக இருந்தால் சாப்பாடு பொருட்டே இல்லை என்று அதைப் பலர் நீட்டிப் படித்துவிட்டார்கள். கிருமியைக் கொல்ல மருந்து போதும் என்பதைத்தான் அது காட்டியது. நோய் யாருக்கு வரும், வந்தவரில் யார் இறப்பார் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு ஜார்க்கண்டில் விடை தேடினார்கள். மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோரின் தலைமையில் 2019-இல் தொடங்கிய ரேஷன்ஸ் ஆய்வில் 2,800 நோயாளிகளும், அவர்களது வீடுகளில் வசித்த 10,345 பேரும் இருந்தார்கள். நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் 10 கிலோ உணவுப் பொருள். வீட்டாரில் ஒரு பிரிவினருக்கு, தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும். மற்றப் பிரிவின் வீட்டாருக்குக் கூடுதலாக எதுவும் இல்லை. 2023-இல் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும் பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. பிறருக்குப் பரப்பக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுக்க ஒரு தடுப்பூசிக்காக இத்தனை ஆண்டுகளாகக் காத்திருக்கிறோம். எம்72 என்ற தடுப்பூசி முந்தைய கட்டச் சோதனையில் காட்டிய பலன் ஏறக்குறைய 50 சதவீதம். பெரிய சோதனை 2024-இல்தான் தொடங்கியது. அரிசியும் பருப்பும் இன்றைக்கே ரேஷன் கடையில் இருக்கின்றன.

நோயாளிகளிடம் கண்டது இன்னும் நுட்பமானது. முதல் இரண்டு மாதத்தில் உடல் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடையே இறப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ எடையுள்ளவருக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ.

தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியான அன்றே எடை, உயரம், மூச்சு வேகம், ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஆகியவற்றைக் குறிக்கிறார்கள். கணுக்கால் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கேட்கிறார்கள். உடல் நிறை எண் 14-க்குக் கீழே போனவரை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், மருத்துவமனையில் சேர்த்து ஊட்டம் கொடுக்கத் தொடங்குகிறார்கள். கிருமி சாகும் வரை அவர் உயிரோடு இருக்க வேண்டும் அல்லவா? மத்திய அரசு 2018 ஏப்ரலிலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்துக்காகக் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆனது. நோயாளியின் வீட்டில் அதே காற்றைச் சுவாசிக்கும் மற்றவர்களையும் ஊட்டச்சத்து உதவிக்குள் கொண்டுவரும் முயற்சி 2024-இன் இறுதியில்தான் தொடங்கியது. நன்கொடையாளர் மனம் வைத்தால் கிடைக்கும் கூடையாக அது நின்றுவிடாமல், ரேஷன் அட்டையிலேயே ஏற வேண்டும் என்பதே என் வாதம்.